மீன் டாக்டரின் செருப்பு

நெரவியில் என்னை மீன் டாக்டர் என்பார்கள். நான் பார்ப்பது இறால். அதையும் வைத்தியம் என்று சொல்ல வாய் வராது. வெண்புள்ளி வைரஸுக்கு மருந்தே கிடையாது. வந்தால் மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் குட்டை காலி. 1994-95இல் டைகர் இறால் போட்டவர்களை அது கடனாளியாக்கியது. 2009இல் வனாமி இறால் வந்தது, நோய் போகவில்லை. அதனால் வராமல் பார்ப்பதுதான் என் பிழைப்பு: நண்டு ஏறாமல் வேலி, காக்கை இறங்காமல் கயிறு, ஆள் காலை நனைக்க வாசலில் பெர்மாங்கனேட் தொட்டி.

அந்தத் தொட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். ஒருநாள் பேசி முடித்ததும் காவல்காரப் பெரியவர் என் காலைப் பார்த்தார். "தம்பி காலைல எந்தக் குட்டைக்குப் போய்ட்டு வர்றீங்க?"

இறால் செத்து ஒதுங்கிய குட்டைக்கு. செருப்பில் அந்தச் சேறு காயக்கூட இல்லை. அவசரமாகத் தொட்டியில் இறங்கினேன், வழுக்கியது. பெர்மாங்கனேட் தோலில் பழுப்பாய்ப் பிடிக்கும், சோப்புக்கு அசையாது. அன்று சாயங்காலம் கல்யாண வீட்டில் அத்தை கேட்டாள்: "மாப்பிள்ளை நீயாடா? மருதாணியெல்லாம் வச்சிருக்க!"

அதே பெரியவரிடம் இன்னொரு முறையும் மாட்டினேன். இறாலின் தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி. "வெண்புள்ளி. இன்னிக்கே பிடிச்சு வித்துடுங்க" என்றேன், குரலைத் தாழ்த்தி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொல்வதுபோல. இறால் தின்கிறதா என்று பார்க்கத் தீவனம் வைத்து இறக்கும் செக் ட்ரேயைப் பெரியவர் தூக்கிக் காட்டினார். தீவனம் ஒரு துளி மிச்சமில்லை. "சாவப்போற இறால் இப்படியா திங்கும்?" நோய் கண்ட இறால் முதலில் தீவனத்தைத்தான் விடும், நான் நடத்தும் பாடத்தின் முதல் வரி அது. பி.சி.ஆர். சோதனையிலும் வைரஸ் இல்லை. தண்ணீரில் காரத்தன்மை ஏறினாலும் ஓட்டில் அப்படிப் புள்ளி விழும். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி என் வண்டியில்தான் இருந்தது, திறக்காமல்.

வீட்டில் பையனுக்கு ஒரு ஃபைட்டர் மீன் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பளபளவென்று கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து நேராக ஊற்றினேன். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன். சாயங்காலம் மீன் மல்லாந்து கிடந்தது. முருங்கை மரத்தடியில் பையன் குழி தோண்டினான்.

"என்ன நோய்ப்பா?"

நான் செவுளை உற்றுப் பார்ப்பதுபோல நின்றேன்.

"பி.சி.ஆருக்கு அனுப்பிப் பாப்போமா?" என்றாள் மனைவி, குழாயைப் பார்த்தபடி.