மாவு இருக்கு, கை இருக்கா?

வா ராசா, உக்காரு. அந்த அட்டைப்பெட்டியை இப்பவே பிரிச்சிடாதே. பிரிச்சா திருப்பி எடுத்துக்க மாட்டாங்கன்னு போன தடவை நீதான் தலையில கைவச்சு உக்காந்திருந்தே. இதுல என்ன வந்திருக்கு? மெழுகுவர்த்தி செய்யிற சாமானா? நல்லது. மந்தைவெளியில கரண்டு எப்பவாவதுதான் போகுது, போனாலும் கீழே ஜெனரேட்டர் ஓடுது. நீ முன்னேற்பாடா இருக்கே.

உம் ரூம் மூலையை நேத்துக் கூட்டினேன். ஒரு குட்டி கிதார் கிடக்கு. யுகுலேலேவா? அந்தப் பேரைச் சொல்ல பல்லு இருந்த காலத்துலயே எனக்கு வராது. அதுல பல்லிதான் முட்டை வச்சிருக்கு. அதுக்குப் பக்கத்துல பெயின்ட் டப்பா, மூடி திறக்காமயே காஞ்சு போச்சு. பானை செய்யிற களிமண்ணு, இப்போ கல்லாயிருச்சு, உங்காத்தா கதவுக்கு முட்டுக் குடுக்க வச்சிருக்கா. அது ஒண்ணுதான் இந்த வீட்டுல உருப்படியா வேலை பாக்குது.

"வீட்டோட இருந்து செய்யிற மாதிரி, கைக்கு வேலையா, செலவில்லாம ஒரு பொழுதுபோக்குச் சொல்லு அப்பத்தா"ன்னு கேக்குறே. அப்பு, உனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே! பெட்டி வாங்குறது. அதை நீ விடாம பண்ணுறே, ஒரு மாசம் தவறுறதில்லை.

உம் பொண்டாட்டி கெட்டிக்காரின்னு நெனச்சேன். அவளும் ஏதோ மண்டலா வகுப்புன்னு காசு கட்டியிருக்கா. என்னத்தைத்தான் சொல்லித் தர்றாங்கன்னு எட்டிப் பாத்தேன். நடுவுல ஒரு புள்ளி வச்சு, அதைச் சுத்திச் சுத்தி வட்டம் போட்டு, இதழ் வரையச் சொல்லுறாங்க. நான் ஒண்ணும் பேசலை. காளையார்கோவில்ல ஏழு வயசுல எங்காத்தா எனக்கு அதைச் சொல்லிக் குடுத்தா. கட்டணம், தலையில ஒரு குட்டு.

சிரிக்காதே. கோலத்தைத்தான் சொல்லுறேன். வாசல் இல்லையேங்குறியா? மூணாவது மாடின்னா என்ன? லிஃப்டுக்கும் உங்கதவுக்கும் நடுவுல நாலடி டைல்ஸ் சும்மாத்தானே கிடக்கு, செருப்பைத் தவிர. அதுவும் வேணாம்னா தாள்ல போடு. அந்தக் காலத்துல வீட்டுக்கு ஒரு கோல நோட்டு இருக்கும். மார்கழி பொறந்தா பொம்பளைங்க பத்திரிகைங்க கோலப் புஸ்தகத்தை இலவசமாக் குடுக்கும், அதைப் பாத்துப் பாத்து எழுதிக்குவோம். ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு பேனா. உன் பெட்டிக்குக் கூரியர்காரன் வாங்குற காசுல ரெண்டும் வாங்கிடலாம்.

தரையில போடுறதுன்னா சொல்லுறேன் கேளு, இது எந்த வீடியோவுலயும் சரியா வராது. மாவு வாங்குறப்போ ரொம்ப நைசா வாங்காதே. வெரல்ல ஒட்டிக்கிட்டு விழமாட்டேங்கும். லேசாக் குருணை இருக்கணும், தொட்டா நறநறன்னு இருக்குற கல்மாவு. அதுல ஒரு பங்கு பச்சரிசி மாவைக் கலந்துக்க, எறும்பும் ஏதோ தின்னுட்டுப் போகட்டும். தரையை ஈரத்துணியால தொடச்சு, அந்த ஈரம் பாதி காயறப்போ போடணும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மாவை எடுத்து, கையைத் தரையில உரசாம கொஞ்சம் மேலேயே வச்சு விடு. மாவு தானா எறங்கும். நீ பல்லைக் கடிச்சிக்கிட்டு அழுத்தினா கம்பி, அதான் கோடு, திட்டுத் திட்டா வரும். பரவாயில்லை, பெருக்கிட்டு மறுபடி போடு. இதுல அதுதான் வசதி. கெட்டுப்போனது மத்தியானத்துக்குமேல யார் கண்ணுலயும் படாது. யுகுலேலேயைப் பெருக்கித் தள்ள முடியுமா?

"ஆம்பளை கோலம் போடுறதா"ன்னு இழுக்காதே. இங்கேயிருந்து ஆர்.கே. மடம் ரோட்டுல நடந்தா கபாலி கோயில் வந்துடும். ஜனவரியில மயிலாப்பூர் திருவிழான்னு வடக்கு மாட வீதியில கோலப் போட்டி வைக்கிறாங்க, தெருவுல ஆளுக்கொரு கட்டம். போயிப் பாரு. பாட்டிங்களுக்கு நடுவுல பேன்ட் போட்ட ஆம்பளைங்களும் முட்டி போட்டு உக்காந்து போடுவாங்க. உன் முட்டி மடங்குமாங்குறதுதான் எனக்குச் சந்தேகம்.

நீ கம்ப்யூட்டர்ல பெரிய ஆளுன்னு உங்காத்தா சொல்லுறா. அப்போ இதுக்கு வழி சொல்லு. மூணு மூணு புள்ளியா நாலு வரிசை வை, நேர்ப்புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவால சாய்வாக் கம்பியை ஓட்டு. ஓரத்துக்கு வந்தா அந்த ஓரப்புள்ளியைச் சுத்திக்கிட்டு உள்ள திரும்பு. எந்தப் புள்ளியையும் தொடாதே. கையெடுக்காமப் போனா கம்பி எல்லாப் புள்ளியையும் சுத்திட்டு, கெளம்புன எடத்துலயே வந்து நிக்கும். ஒரே கம்பி. இப்போ மூணுக்கு மூணு வை. போட்டுப் பாத்தா ஒரு கம்பியில முடியாது, மூணு கம்பி தனித்தனியாப் பின்னிக்கும். நாலுக்கு நாலு வச்சா நாலு. நாலுக்கு ஆறு வச்சா ரெண்டு. ஏன்?

எனக்குக் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. நம்ம கீழ்வீட்டு ரிட்டையர்டு வாத்தியார்தான் வெவரமாச் சொன்னார். நீளத்துக்கும் அகலத்துக்கும் பொதுவா வகுக்குற பெரிய எண் எதுவோ அத்தனை கம்பியாம். மீப்பெரு பொது வகுத்தின்னு ஸ்கூல்ல நீ படிச்சதுதான், "இதெல்லாம் எங்கே உதவப்போகுது"ன்னு அழுதியே, அதுவேதான். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணின்னு ஒரு புரபசர் இருந்தாராம். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-லயே கோலத்தை வச்சுக் கம்ப்யூட்டர் இலக்கணம் எழுதி, வெளிநாட்டுப் பத்திரிகையில போட்டிருக்காங்களாம். நீ பொறக்குறதுக்கு எத்தனை வருஷம் முன்னாடின்னு கணக்குப் பாரு. நாங்க குனிஞ்சு வாசல்ல போட்டதை அவங்க நிமிர்ந்து கரும்பலகையில போட்டிருக்காங்க. நீ மட்டும்தான் ரெண்டையும் விட்டுட்டு மெழுகு காய்ச்சப் போறே.

நாலு பேர் பாக்கணும்னு ஆசையா? அதுக்கும் தோது இருக்கு. 2021-ல அமெரிக்காவுல கமலா ஹாரிஸ் பதவியேத்தப்போ ஆயிரக்கணக்கான பேரு அவங்கவங்க வீட்டிலேயே உக்காந்து அட்டைத் துண்டுல கோலம் போட்டாங்க. கொரோனாவாச்சே, வெளியே வர முடியாது. அத்தனை துண்டையும் சேத்து ஒரு கோலமாக்கி வீடியோவாக் காட்டினாங்க. வாசல் இல்லைன்னு அவங்க யாரும் அழலை.

அதுக்காக என்ன வேணும்னாலும் எழுதிப்புடாதே. 2019 டிசம்பர் கடைசியில இதோ பெசன்ட் நகர்ல குடியுரிமைச் சட்டத் திருத்தம் வேணாம்னு கோலத்தோட எழுதினவங்களைப் போலீஸ் புடிச்சுக்கிட்டுப் போச்சு, அப்புறம் விட்டுட்டாங்க. அதுக்கு மறுநாள் எத்தனை வாசல்ல அதே எழுத்து முளைச்சிச்சுன்னு உங்காத்தாவைக் கேளு. மாவுக்கு அம்புட்டு வேகம் இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. உனக்கு அவ்வளவு தூரம் வேணாம். பூசணிப்பூவுல ஆரம்பி.

இன்னொண்ணு. போட்டு முடிச்ச உடனே போனைத் தூக்காதே. முதல்ல அது கோலம் மாதிரி இருக்கான்னு நான் பாக்குறேன். எதிர்வீட்டு அம்மா மிதிச்சிட்டுப் போனா மொகத்தைச் சுளிக்காதே, மிதிக்கத்தான் அது. எங்க ஊர்ல மாடு மிதிக்கும், இங்கே சோறு கொண்டாந்து குடுக்குற தம்பிங்க மிதிக்கிறாங்க.

விரலுக்கு நடுவுல மாவு வருதான்னு முதல் வாரம் வெறும் கோடு மட்டும் இழு. நேர்க்கோடு, அப்புறம் வளைவு. உம் பொண்டாட்டியையும் கூப்பிட்டுக்க, அவளுக்கு வட்டம் போடக் காசு கட்டின பழக்கம் இருக்கு. அந்த மெழுகு சாமானை அப்படியே திருப்பி அனுப்பு, வர்ற காசுல எனக்கு ஒரு கிலோ தாளிப்பு வடகம் வாங்கிட்டு வா.

சரி, நேரமாச்சு, ஏதோ மீட்டிங்குன்னியே. போறதுக்கு முன்னாடி ஒண்ணு. நாளைக்கு விடியக்காலம் ஆறு புள்ளி ஒன்பது வரிசை வைக்கப்போறேன். எத்தனை கம்பி வரும்னு போடுறதுக்கு முன்னாடியே சொல்லணும். சரியாச் சொன்னா காபி நான் போடுறேன். தப்பாச் சொன்னா ஒரு மாசத்துக்கு நீ.