சகலை வக்கீல்

கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர், “நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டால், “நம்ம சகலை ஹைகோர்ட்டுல அட்வகேட்” என்பார் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். இத்தனைக்கும் ஆணியும் பெயிண்டும் விற்று இரண்டு பெண்களைப் படிக்கவைத்த மனிதர். கடன் இல்லாத கடை. அதைப் பற்றி மட்டும் வாயில் ஒரு வார்த்தை வராது.

நேரில் பேசக் கிடைக்காதவர்களுக்காகத்தான் அந்தப் பழைய ஸ்விஃப்ட் கார். முன்கண்ணாடியில் சகலையின் வக்கீல் ஸ்டிக்கர். அதன் கீழே, மின்வாரியத்தில் இருக்கும் மச்சினன் புண்ணியத்தில் சிவப்பு ‘ஜி’. பின்கண்ணாடியில், எஸ்.ஐ.யாக ஓய்வுபெற்ற பெரியப்பாவின் தொப்பி வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. பெரிய பெண் பல் மருத்துவத்தில் சேர்ந்த வாரமே சிவப்பு பிளஸ்ஸும் ஏறிவிட்டது. உறவில் இன்னும் ஒருவர் பத்திரிகையில் சேர்ந்தால் ஓட்டுகிறவருக்கு ரோடு தெரியாது.

2017 மே 1 முதல் குடியரசுத் தலைவர் கார் உட்பட எல்லா வி.ஐ.பி. கார்களிலிருந்தும் சிவப்பு விளக்கைக் கழற்றச் சொன்னது மத்திய அரசு. கழற்றினார்கள். நம்மவர் அசையவில்லை, ஸ்டிக்கர் விளக்கா என்ன? 2024 மே 2 முதல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அதற்கும் வந்தது. தலைமைச் செயலகம், மின்வாரியம், மாநகராட்சி, காவல் என்று தனியார் வண்டிகளில் ஒட்டிக்கொண்டு திரிந்தால், முதல் முறைக்கு 500 ரூபாய் அபராதம்.

ஒரு சிக்னலில் ஓரங்கட்டினார்கள்.

“யாருங்க அட்வகேட்?”

“சகலை, சார்.”

“வண்டியில இருக்காரா?”

“மதுரைக் கிளையில இருக்காரு.”

ரசீதோடு வீடு வந்தவர் பிளேடு வைத்து வக்கீல் ஸ்டிக்கரைச் சுரண்டினார். காகிதம் வந்தது, பசை வரவில்லை. அதில் தூசி படிந்து, தராசின் இரண்டு தட்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. துடைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதம் அதன்மேலேயே புதுசு ஒன்று, அளவில் கொஞ்சம் சின்னதாக.

‘என்னுடையது’ என்று ஒருவன் சொல்லிக்கொள்ளும் எல்லாம் சேர்ந்ததுதான் அவனுடைய ‘நான்’ என்று 1890-இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். உடம்பு, உடை, வீடு, மனைவி மக்கள், முன்னோர், நண்பர்கள், குதிரை, வங்கிக் கணக்கு என்று பட்டியலும் போட்டார். அதில் சகலை இல்லை. பாவம், அமெரிக்காவில் இருந்தவர்.

சகலையோ போனில், “அண்ணே, எம் பேரை மட்டும் இழுக்காதீங்க” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். கேட்கிற ஆளா?

கெட்டவர் இல்லை. நடுராத்திரியில் எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூச்சு முட்டியபோது ஓடிவந்து தூக்கிப்போனது இதே கார்தான். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஸ்டிக்கரைப் பார்த்துச் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். அன்று தெருவே அந்த வக்கீலை வாழ்த்தியது.

ஆனால் அந்தத் தைரியத்தில் தினமும் சாயங்காலம் தெருமுனை வளைவில் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போகிறாரே, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் லாரி திரும்ப முடியவில்லை. பள்ளிக்கூட வேன் பிள்ளைகளை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுகிறது. ஹாரன் அடித்தால் கடைப் பையன் வந்து, “வக்கீல் சார் வண்டிங்க” என்கிறான்.

அண்ணே, சகலை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் இருக்கட்டும். வண்டியைக் கொஞ்சம் ஓரமாக விடுங்கள்.