சி பிரிவு நுரையீரல்

மந்தாரக்குப்பத்தில் ஒரு பட்டறை. ஒரு பையனின் பழைய யமஹா ஆர்எக்ஸ் 135 குடல் சரிந்து கிடந்தது. புகையின் நச்சைக் குறைக்க சைலன்சருக்குள் கம்பெனிக்காரன் வைத்தனுப்பிய கேட்கானை மெக்கானிக் கம்பி விட்டுக் குத்திக் குத்தி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். "இது அடைச்சுக்கிட்டா வண்டி மூச்சு முட்டும் சார். எடுத்துட்டா பறக்கும்" என்றார்.

கடல் தாண்டியும் இந்தப் பித்து உண்டு. மஸ்டா ஆர்எக்ஸ்-7 என்ற பழைய சுழல் எஞ்சின் கார் வைத்திருக்கும் அமெரிக்கர்கள், அதன் காற்றுப் பம்பையும் கன்வெர்ட்டரையும் கழற்றி மூலையில் எறிவார்கள். அங்கேயும் அது குற்றம், இங்கேயும் குற்றம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. அளவுக்கு மீறிப் புகை விட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை உள்ளே. லைசென்சும் மூன்று மாதம் தூங்கும்.

நல்ல சட்டம்தான். பையன் செய்தது தப்புதான். எனக்கு அதில் மறுப்பில்லை. பட்டறைக்கு வெளியே வந்து நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது. சோதனை மேடையில் ஏறினால் மட்டும் ஒழுக்கமாகப் புகைவிடும்படி டீசல் கார்களுக்குள் ஒரு மென்பொருளை ஒளித்து வைத்திருந்தது. உலகமெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கார்கள். கோடிகோடியாக டாலர் அழுதது. அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள். பாவம், ஜெர்மன்காரனுக்கு விவரம் போதவில்லை. அவ்வளவு மெனக்கெட்டு மென்பொருள் எழுதியதற்கு, நம் ஊருக்கு வந்து ஒரு வாய்தா கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் அதே 2015 டிசம்பர் 7 அன்று ஒன்றிய அரசு ஓர் ஆணை போட்டது. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டே ஆண்டு கெடு. கந்தக நீக்கி ஒன்றும் ராக்கெட் வித்தையல்ல. புகையின் மேல் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்தால் கந்தகம் அதில் சிக்கி ஜிப்சமாக இறங்கிவிடும். சுண்ணாம்புக்கல் நமக்குப் பக்கத்து அரியலூரில் மண்டிக் கிடக்கிறது. ஜிப்சம் வாங்க அதே அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் நிற்கின்றன.

2017 வந்தது. கெடு 2022க்குப் போனது. 2021இல் நிலையங்களை ஏ, பி, சி என்று பிரித்து 2024 வரை கொடுத்தார்கள். 2022இல் அதை 2026 ஆக்கினார்கள். 2024இன் கடைசி நாட்களில் 2029 ஆக்கினார்கள். கடைசியில் வாய்தா கொடுத்துக் கொடுத்து அரசுக்கே அலுத்துப்போய், 2025 ஜூலையில் வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டது. சி பிரிவுக்குக் கந்தக நீக்கி தேவையில்லை. புகைபோக்கி விதித்த உயரத்துக்கு இருந்தால் போதும். நாட்டின் நிலையங்களில் ஏறக்குறைய 78 விழுக்காடு இந்தச் சி பிரிவு.

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இந்த மாமியார் குடமே வாங்கவில்லை. பத்து வருஷம் கழித்து, வாங்க வேண்டாம் என்று அரசிதழில் அச்சடித்தும் வாங்கிக்கொண்டார்.

சரி, ஏ பிரிவு என்றால் யார்? டெல்லி வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சம் பேர் வாழும் நகரத்திலிருந்தோ பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவை. பத்து லட்சம் பேருக்கு நெய்வேலி எங்கே போகும்? 1956இல் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி வந்ததிலிருந்து சுரங்கத்துக்கு நிலத்தையும் வீட்டையும் கோயிலையும் தூக்கிக் கொடுத்துவிட்டு ஊர் ஊராய் நகர்ந்த குடும்பங்களைக் கூட்டிப் பார்த்தாலும் அந்தக் கணக்கு தேறாது. மின்சாரம் மட்டும் இங்கிருந்து பத்து லட்சம் பேர் உள்ள ஊர்களுக்குத் தவறாமல் போகிறது.

காரணமும் சொல்கிறார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவாம். காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறதாம். கருவி வைத்தால் மின்சார விலை ஏறுமாம். அந்த வாயு காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, வழியிலேயே சல்பேட் நுண்துகளாக வேஷம் மாறி, நுரையீரலின் அடிவரைக்கும் இறங்கிவிடும். அப்போது அதன் பெயர் கந்தக டை ஆக்சைடு இல்லை என்பதால் அந்த மீட்டரில் விழாது. வேஷம் மாறியவனைப் பிடிக்காத போலீஸ், திருட்டே நடக்கவில்லை என்று எழுதிக்கொடுத்த கதை. மின்சார விலைப் பட்டியலில் இன்ஹேலர் விலை மட்டும் ஏனோ வருவதில்லை.

ஆகவே அரசின் சமூகத்துக்கு என் விண்ணப்பம். ஆர்எக்ஸ் 135ஐயும் சி பிரிவில் சேர்த்துவிடுங்கள். பையனுக்கு முதலில் இரண்டு வருஷம், பிறகு ஐந்து, பிறகு இரண்டு இரண்டாக அவகாசம் கொடுங்கள். அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கு இழுப்பும் வந்துவிடும். அப்போது விலக்கு அளியுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: சைலன்சர் உயரமாக இருக்க வேண்டும்.

இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கேட்கான் தூளைத் தட்டிவிட்டு, தொழில்காரராக யோசித்தார்.

"பைப்பை வெல்ட் வச்சு எவ்வளவு வேணும்னாலும் நீட்டித் தரலாம் சார். மேல போற புகை எவன் வீட்ல இறங்கும்னு சொல்லுங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

பத்து வருஷத்தில் ஒரு முறை கூட யாரும் கேட்காத கேள்வி அது.