பரிசீலனையில் உள்ள கட்டுரைகள் சார்பாக ஒரு விண்ணப்பம்

மாட்சிமை பொருந்திய ஆசிரியர் குழுவுக்கு,

உங்கள் மௌனத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. 'மறுத்துவிட்டோம்', 'இன்னும் பிரிக்கவே இல்லை', 'அடுத்த இதழில் வருகிறது' என்ற மூன்றையும் ஒரே மௌனத்தால் சொல்லும் கலை உங்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. எங்கள் வழக்கு வேறு. 'இந்தப் படைப்பை வேறெந்த இதழுக்கும் அனுப்பவில்லை' என்று எழுதுபவரிடம் உறுதிமொழி வாங்குகிறீர்கள். அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று மட்டும் சொல்வதில்லை. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார்கூட, கடிதம் வரும்வரை பெண்ணை வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுதி வாங்கியதில்லை. பட்ஜெட் பற்றிய கட்டுரை ஆடிப்பெருக்கு வரை உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் சத்தியம் தவறாமல் காத்திருக்கிறது. அதற்குமேல் விடுதலை கிடைத்தும் பயனில்லை.

இந்த விஷயத்தில் அரசு அலுவலகமே உங்களுக்கு மேல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி, மனுவுக்குப் பொதுவாக 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 7ஆம் பிரிவு. மனுதாரர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. (அஞ்ச வேண்டாம். சன்மானமே தராத இடத்தில் அபராதம் கேட்கும் அளவுக்கு எழுத்தாளர்கள் விவரமானவர்கள் அல்லர்.) அதிகாரியின் மௌனத்துக்கும் அந்தச் சட்டம் ஒரு காலாவதி நாள் குறித்திருக்கிறது, எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

குவிவது நூற்றுக்கணக்கில், படிப்பது இரண்டே பேர், அவர்களுக்கும் சம்பளம் கிடையாது என்பீர்கள். சிற்றிதழ்களைப் பொறுத்தவரை முழு உண்மை. அதனால்தான் ஆளுக்கொரு பதில் கேட்கவில்லை. மறுத்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்பது அடுத்த வாதம். வருவார்கள்தான். 1936இல் ஐன்ஸ்டைன் அனுப்பிய ஈர்ப்பலைக் கட்டுரையை நடுவரின் ஆட்சேபங்களோடு திருப்பி அனுப்பியது அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவ்யூ'. அவருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல; கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டார். மறு ஆண்டு அது வேறோர் இதழில், முடிவு திருத்தப்பட்டு வெளிவந்தது. பதில் வந்ததால்தான் அவரால் கோபித்துக்கொள்ளவும் முடிந்தது, வேறு கதவைத் தட்டவும் முடிந்தது. பதில் வராதவரோ 'என் கட்டுரை என்னவாயிற்று?' என்று மாதந்தோறும் நினைவூட்டல் அனுப்புகிறார். உங்கள் பெட்டி நிரம்புவதில் அவற்றுக்கும் பங்குண்டு.

ஆகவே, 'படைப்புகளைத் திருப்பி அனுப்ப இயலாது' என்று அச்சிடும் இடத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: '90 நாளில் தகவல் வராவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.' இந்த விண்ணப்பத்துக்குப் பதில் எழுத வேண்டாம். அந்த வரியை அச்சிட்டால் போதும்.

இங்ஙனம்,
உங்கள் சந்தாதாரர்