கைத்தடிக்காரர்

"எனக்கு சாதி கீதி எதுவும் கிடையாது தம்பி. வேணும்னா வட்டப்பாறையில அடிச்சு சத்தியம் பண்றேன்" என்பார் நம்மவர். வெளியூர்க்காரர்களுக்கு இது வெறும் பேச்சு. திருவாமாத்தூர்க்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பையாற்றங்கரையில் இருக்கும் அபிராமேசுவரர் கோயிலின் வட்டப்பாறை சாதாரணப் பாறை இல்லை. அதன் முன் பொய்ச்சத்தியம் செய்தவன் பிழைக்கமாட்டான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

நம்மவருக்கு மட்டும் பயமே கிடையாது. பாறையோடு சேர்ந்த கதையும் அவருக்குத் தெரியும். தம்பியின் சொத்தை அமுக்கிய அண்ணன் ஒருவன், பொன்னைக் கைத்தடிக்குள் ஒளித்துக்கொண்டு சத்தியம் செய்ய வந்தான். "இதைக் கொஞ்சம் பிடி" என்று தடியைத் தம்பியிடமே கொடுத்தான். "உன் பொருள் எதுவும் என் கையில் இல்லை" என்று பாறையில் அடித்தான். சத்தியம் நூற்றுக்கு நூறு சரி. திரும்பிப் போகும் வழியில் பாம்பு கடித்துச் செத்தான் என்று கதை முடியும். நம்மவர் எப்போதும் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்வார்.

அவர் கையிலும் சாதி இல்லைதான். தடியை வேறு யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

மோட்டார் ரிப்பேருக்கு வந்த பையனுக்குப் பேப்பர் கப்பில் காபி வரும். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, கொரோனாவுக்கு அப்புறம் சுகாதாரம் முக்கியம் பாரு." பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தி வருவார். அவருக்கு எவர்சில்வர் டபரா செட். கொரோனாவுக்கு அன்று மதியம் விடுமுறை. வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. சில பேர் வரும்போது மட்டும் ஒன்றுக்குக் கால் ஆடும், ஒன்றில் துண்டு காயும், மூன்றாவதில் அவரே உட்கார்ந்திருப்பார். "திண்ணையில உக்காரு, காத்து நல்லா வரும்." வருகிற ஆளுக்கு எழுபது வயது. நம்மவருக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார், வா போ என்றுதான் பேசுவார். "சின்ன வயசுலேர்ந்து பழக்கம்பா, உரிமை!" அந்தப் பெரியவர் ஒரு நாள் அதே உரிமையோடு இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், விசாரணை தொடங்கிவிடும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்."

"பக்கம்னா?"

பையன் ஊர்ப் பேரைச் சொல்வான்.

"அங்க எந்தத் தெரு?"

தெருவையும் சொல்லிவிட்டால், "அப்பா பேரு?" அதிலும் பிடி கிடைக்காவிட்டால், "உங்க குலதெய்வம் எது?" ஆதார் அட்டைக்குக்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

இதே மனிதரின் மருமகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே ஒரு வெள்ளைக்காரர் அவனிடம், "நீ எந்த ஊர்? அது சரி, உண்மையிலேயே எந்த ஊர்?" என்று துருவிக் கேட்டாராம். நம்மவர் கொதித்துப் போனார். "எந்த ஊரா இருந்தா அவனுக்கு இன்னாய்யா? மனுஷனை மனுஷனாப் பாக்கத் தெரியாதா?" 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றபோது வாட்ஸ்அப்பில் முதலில் கறுப்புப் படம் வைத்ததும் இவர்தான். 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதையைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நடிப்பு இல்லை, நிஜ அழுகை. அநியாயத்துக்கு ஒரு கடலாவது குறுக்கே இருந்தால்தான் இவர் கண்ணுக்குத் தெரியும்.

"நம்ம பக்கத்துல அதெல்லாம் கிடையாது, தாயா புள்ளையா பழகுறோம்" என்பார். 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டார்களே என்றால், "அது ரவுடிங்க தகராறு." 2023இல் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகளை விடாமல் தகராறாகி, கோயிலுக்கே சீல் வைத்தார்களே என்றால், "அது அரசியல்வாதிங்க பண்றது." பாருங்கள், தடி எவ்வளவு சுலபமாகக் கை மாறுகிறது.

அரசாணைகளை மதிப்பதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏப்ரல் 14ஐ சமத்துவ நாள் என்று 2022இல் அரசு அறிவித்ததிலிருந்து, உறுதிமொழியை அலுவலகத்தில் உரக்கப் படிப்பது அவர்தான். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்ததும் கைதட்டினார். "ரொம்ப நல்ல முடிவு. மனசு நோகும்ல?" அன்றிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்லே வருவதில்லை. "அந்தப் பக்கம்" என்கிறார். சொல்லும்போது மோவாய் ஒரு திசையில் அரை அங்குலம் நகரும். அந்த அரை அங்குலத்தை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது?

இவரைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். எங்கள் வீட்டுக் கொல்லையில் துளசி மாடத்துக்குப் பின்னால் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருக்கும். பத்து வயதுவரை அது யாருக்கென்று நான் கேட்கவில்லை. பிறகு கேட்டேன். பதில் கிடைத்தது. டம்ளர் அங்கேயே இருந்தது. அதை உள்ளே எடுத்து வந்து மற்ற டம்ளர்களோடு கழுவிக் கவிழ்க்க எனக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிடைக்கப் பல வருஷம் ஆனது.

போன மாதம் நம்மவர் மகள் கல்லூரித் தோழியை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நம்மவர் "வாம்மா" என்று சொல்லி, வழக்கம்போல் ஊர், தெரு என்று ஆரம்பித்தார். மகள், "அப்பா, அவ அந்தப் பக்கம்தான்" என்று முடித்துவிட்டுத் தோழியை நேரே சமையலறைக்கு அழைத்துப் போனாள். நம்மவர் என் காதில் கிசுகிசுத்தார்: "எனக்கொண்ணும் இல்ல. எங்கம்மாவுக்குத்தான் இதெல்லாம் ஆவாது. எண்பத்து மூணு வயசு, அந்தக் காலத்து ஆளு. மனசு ஒடிஞ்சு போயிடும்."

உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். அந்தக் காலத்து ஆள் தன்னுடைய வெற்றிலைப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, தன் தட்டிலேயே அந்தப் பெண்ணுக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தார். "இளைச்சுப் போயிருக்கியே கண்ணு, ஹாஸ்டல்ல சோறு போடறாங்களா இல்லியா?" பேத்தி குடித்து வைத்த சொம்பில் மீதியிருந்த தண்ணீரைத் தோழி குடித்தாள். அவள் கீழே வைத்ததைக் கிழவி எடுத்து அண்ணாந்து குடித்தார்.

நம்மவர் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும். மறுநாள் டீக்கடையில்தான் பிடித்தேன். என்ன, அம்மாவுக்கு மனசு ஒடிந்ததா என்றேன். கிளாஸை இரண்டு தடவை ஆற்றினார்.

"இல்லப்பா. அம்மாவுக்கும் ஒண்ணும் இல்ல போலிருக்கு. எனக்குந்தான் ஒண்ணும் இல்லியே. மச்சான் கேள்விப்பட்டா இன்னா சொல்லுவானோன்னுதான்..."