பலகை இலக்கணம்

பாயிரம்

கட்டடத்துக்கு முன் தோன்றுவது பலகை. பலகைக்கு முன் தோன்றுவது முள்கம்பி வேலி. வேலிக்கு முன் அங்கே என்ன இருந்தது என்பது வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பவர்க்கே வெளிச்சம். அது இந்நூலின் எல்லைக்கு அப்பால். எழும்பாத வணிக வளாகத்தின் பெயரால் எழும்பிவிட்ட பலகை, அதன் நிமித்தம் அக்கம்பக்கத்தார் போடும் சண்டை, இவ்விரண்டு மட்டுமே இங்கே ஆராயப்படும்.

நூல் எழுந்த காரணம்: கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தெருமுனையில் 30 சென்ட் காலிமனை ஒன்று உண்டு. போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் ஒருநாள் காலை பார்த்தால், அதில் 40 அடி அகலத்துக்கு 20 அடி உயரத்தில் பலகை நின்றது. தெருவின் அகலமே 18 அடிதான். 'பிரம்மாண்ட வணிக வளாகம் விரைவில்' என்று கண்டிருந்தது. பலகைக்கு மேற்கே இருந்த மூன்று வீடுகளுக்குக் காலை வெயில் நின்றது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. சாயங்காலக் கடற்காற்றும் நின்றது. அதில் பிறந்தது முதல் வழக்கு.

தமிழுக்கு இலக்கணம் ஐந்து. பலகைக்கும் அவையே.

எழுத்து

தன் மாத்திரையைத் தாண்டி நீண்டு ஒலிப்பது அளபெடை. தன் மாத்திரையில் குறைந்து ஒலிப்பது குறுக்கம். பலகையில் இரண்டும் உண்டு. வளாகத்தின் பெயரும் செல்போன் எண்ணும் அளபெடுக்கும். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பது குறுகும்.

ஏன் இப்படி அளபெடுக்கிறது என்று கேட்டால் பிளக்ஸ் கடைக்காரர்கள் ரோட்டைக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவன் மூன்று நொடியில் 50 மீட்டரைக் கடந்துவிடுவான். அந்த மூன்று நொடிக்குள் படிக்க வேண்டுமானால் எழுத்து பெருக்க வேண்டும். எழுத்து பெருத்தால் பலகையும் பெருக்கும். ஆனால் இது ஜி.எஸ்.டி. சாலைக்குச் செல்லும் சூத்திரம். எங்கள் தெருவில் எவனும் 60-இல் போக முடியாது. நடுவில் மாடு படுத்திருக்கும்.

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, பிற மொழி இரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். வளாகப் பலகையில் இது நேர்மாறாகக் கிடக்கும். கேட்டால், 'கடையே இன்னும் வரவில்லை, கடைச் சட்டம் எப்படிப் பொருந்தும்?' என்பார்கள். நல்ல தருக்கம்தான். இல்லாத கடைக்கு முன்பதிவு மட்டும் எப்படிப் பொருந்துகிறது என்று எதிர்வாதம் வைத்தேன். 'சார், நீங்க கடை எடுக்குறீங்களா?' என்றார்கள்.

சொல்லும் பொருளும்

'விரைவில்' என்பது எதிர்காலம் காட்டும். எந்த எதிர்காலம் என்று காட்டாது. 'மிக அருகில்' என்பது இடம் காட்டும். எவ்வளவு தூரம் என்று காட்டாது. 'கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 10 நிமிடம்' என்பதில் மட்டும் எண் உண்டு. அதற்கு உரை: பின்னிரவு இரண்டு மணிக்கு, ஆம்புலன்ஸில்.

பொருள் என்றால் அர்த்தமும் ஆகும், பணமும் ஆகும். பலகையின் பொருள் பின்னதே.

யாப்பு

யாத்தல் என்றால் கட்டுதல். சவுக்குக் கம்பை நட்டு, குறுக்கே மூங்கில் கொடுத்து, கயிற்றால் பிணைத்தால் அது ஆசிரியப்பா. அடி கூடலாம், குறையலாம். இரும்பு ஆங்கிளை வெல்டிங் வைத்து, அடியில் கான்கிரீட் போட்டால் வெண்பா. ஒரு தளை தட்டினாலும் மொத்தமும் போச்சு. பெரும்பாலான பலகைகள் இரண்டும் கெட்ட புதுக்கவிதை. இரும்புச் சட்டம், கயிற்றுத் தளை.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சண்டைக்கு வருபவர்கள் இதைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறார்கள். 40-க்கு 20 என்றால் 800 சதுர அடி, ஏறக்குறைய 74 சதுர மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் அதன்மேல் சுமார் 1.8 டன் அழுத்தம். காற்று இரட்டித்து 144 ஆனால் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. ஏழு டன்னைத் தாண்டிவிடும். கட்டடங்களின் காற்றுச்சுமைக்கான இந்திய நியமம் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்தக் கணக்கில் பதினொரு டன். பிளக்ஸில் அரைநிலா வடிவில் பிளேடால் கீறிவிட்டிருப்பார்கள், காற்று புகுந்து போகட்டும் என்று. பதினொரு டன்னுக்கு அந்த அரைநிலாக்கள் எந்த மூலைக்கு? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னையின் பல பலகைகள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்துக்கொண்டன.

இதில் சிரிக்க இடமில்லாத பகுதியும் உண்டு. 2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணை: நடுச்சாலையில் வைத்த கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கி இறந்தார். 2023 ஜூன் 1, கோவை கருமத்தம்பட்டிப் பக்கம்: விளம்பரப் பலகை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மூன்று பேர் சட்டத்தோடு விழுந்து இறந்தார்கள். பலகைச் சண்டையில் வாசல் மறைகிறது, வெளிச்சம் மறைகிறது என்பார்கள். மேலே ஏறிக் கட்டுகிற ஆளைப் பற்றி யாரும் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

அணி

உயர்வு நவிற்சி அணி எல்லாப் பலகைக்கும் பொது. எங்கள் பலகையில் தெரு நூறடிச் சாலையாகி இருந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்த கார்கள் போயின. குட்டைப் பாவாடை போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கையில் ஆறு பைகளோடு நடந்தாள். டிரான்ஸ்பார்மர் இல்லை.

டீக்கடையும் இல்லை. மனையை ஒட்டி இருபது வருஷமாக இருக்கும் கடை அது. படத்தில் அந்த இடத்தில் புல்வெளி, நடுவே நீரூற்று. கடைக்காரர் பலகையைப் பார்த்துப் பத்து நிமிஷம் நின்றார். பிறகு பலகைக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்த கம்பெனிப் பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, என் கடை எங்கப்பா?"

"அது படம்தாண்ணே."

"படத்துல எங்க?"

"டிசைன்ல ஏதாச்சும் பச்சையா வைக்கணும்ணே. ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க, போர்டு மாத்திருவோம்."

"போர்ட மாத்துவியா, கடைய மாத்துவியா?"

பையன் பதில் சொல்லவில்லை. டீ மட்டும் குடித்தான். காசு வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

உள்ளதை மறைத்து இல்லாததைக் காட்டும் இதற்கு நம் அணியிலக்கணத்தில் பெயர் தேடினேன், நேராகப் பொருந்துவது அகப்படவில்லை. நீரூற்றணி என்று நானே இட்டுக்கொண்டேன்.

வழக்கியல்

நூலின் நடு இதுவே. வழக்கு என்ற சொல்லைப் பேச்சு வழக்குக்கும் கோர்ட் வழக்குக்கும் சேர்த்தே வைத்த முன்னோர், பிற்காலத்தில் பலகை வரும் என்று அறிந்திருப்பார்கள் போலும். வழக்கு இருவகை: இயல்பு வழக்கு, தகுதி வழக்கு. இயல்பு வழக்கு மூன்று.

இலக்கணமுடையது: உரிமம் உள்ள பலகையின் மேல் எழுவது. அரிது. இவ்வகையில் பலகைக்காரரே வழக்காடியதும் உண்டு. சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் பலகைப் பிரிவுகள் பேச்சுரிமையை நெரிக்கின்றன என்று விளம்பர நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2008-இல் அப்பிரிவுகள் செல்லும் என்று தீர்ப்பானது.

இலக்கணப்போலி: அனுமதி போலத் தோன்றி அனுமதியாகாதது. அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது முதல், 'அப்ரூவ்டு' என்ற சொல் இல்லாத மனைப் பலகையைக் காண்பது அரிதாயிற்று. எதை, யார், எந்த எண்ணில் அப்ரூவ் செய்தார் என்று சொல்லும் பலகை அதனினும் அரிது. எங்கள் தெருவில் கேட்டபோது, "சி.எம்.டி.ஏ.ல போட்டிருக்கோம்" என்றார்கள். போட்டது யார் வேண்டுமானாலும் போடலாம்.

மரூஉ: முறையாகப் பிறந்து, நாள்பட நாள்பட உருத் திரிவது. தஞ்சாவூர் தஞ்சை ஆனது போலச் சுருங்கும் மரூஉதான் மொழியில் மிகுதி. பலகை மரூஉவோ பெருகும். மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று புழுதிக் காற்றில் பெட்ரோல் பங்க் மீது சாய்ந்து 17 பேரைக் கொன்ற பலகை 120-க்கு 120 அடி. அந்நகர மாநகராட்சி ஏற்கும் உச்ச அளவு 40-க்கு 40. பக்கத்துக்கு மூன்று மடங்குதானே என்று தோன்றும். பரப்பில் ஒன்பது மடங்கு.

தகுதி வழக்கும் மூன்று. இடக்கரடக்கல்: ஏரிக்குள் இருக்கும் மனையை 'லேக் வியூ' என்பது. மங்கலம்: சுடுகாட்டுக்கு அடுத்த மனையை 'அமைதியான சூழல்' என்பது. குழூஉக்குறி: அத்துறையார் தமக்குள் மட்டும் அறியும்படி பேசுவது. 'பேசியாச்சு', 'பார்த்தாச்சு', 'மேல சொல்லியாச்சு' என்பன. இவற்றில் யாரிடம், யாரை, எந்த மேல் என்பது குழுவுக்கு வெளியே உள்ளவர்க்குப் புலப்படாது.

வழக்காடுவோரிலும் வகை உண்டு. மனு எழுதுவோர், கவுன்சிலரைப் பார்ப்போர், இரவில் கயிற்றை அறுப்போர், தம் வீட்டு மாடியில் அதே கம்பெனிக்குப் பலகை வைக்க வாடகை எவ்வளவு என்று தனியே விசாரிப்போர். கடைசி வகையே எண்ணிக்கையில் பெரிது என்று என் கள ஆய்வு காட்டுகிறது. இவர்கள் யாரிலும் அடங்காதவர் டிராஃபிக் ராமசாமி. எண்பதைத் தாண்டிய வயதிலும் சாலையில் இறங்கித் தன் கையாலேயே பேனரைக் கிழிப்பார், பிறகு கோர்ட்டுக்கும் போவார். 2021-இல் காலமானார். அவருக்குப் பின் அந்த வகைக்கு உதாரணம் சொல்ல ஆளில்லை.

கட்டடம் இன்னும் வராதபோது பலகையோடு ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்று ஒரு கட்டத்தில் எனக்கே தோன்றியது. யோசித்தால், மல்லுக்கட்டக் கிடைப்பது அது ஒன்றுதான். கட்டட அனுமதிக் கோப்பு எங்கள் தெரு வழியாகப் போவதில்லை. நிலப் பயன்பாட்டை மாற்றுவதென்றால் மட்டும் ஆட்சேபம் உண்டா என்று பத்திரிகையில் அறிவிப்புப் போடுவார்கள். உள்ளங்கை அகலத்தில் சர்வே எண்கள் நிரம்பி, காணாமற்போன பத்திரத்துக்கும் கோர்ட் ஏலத்துக்கும் நடுவே அது கிடக்கும். எங்களைக் கேட்டு வைத்த அறிவிப்பு உள்ளங்கை அகலம். எங்களைக் கேட்காமல் வைத்த அறிவிப்பு 800 சதுர அடி. பார்க்கிங் எங்கே, கழிவுநீர் எங்கே போகும், எத்தனை மாடி என்று கேட்க ஆளில்லாதவர்கள், 'போர்டை எடு' என்கிறார்கள். அவர்கள் பேச்சில் போர்டு என்பது ஆகுபெயர் என்க.

இத்தனைக்கும் சட்டம் பலகையைச் சும்மா விடவில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். 500 சதுர மீட்டரைத் தாண்டிய நிலத்தில், பதிவு செய்யுமுன் விளம்பரமே கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. மீறினால் திட்ட மதிப்பில் பத்து சதவீதம் வரை அபராதம். பதிவெண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் இருக்க வேண்டும் என்கிறது பதினொன்றாம் பிரிவு, அந்த முகவரி பளிச்சென்று தெரியும்படி. எங்கள் 30 சென்ட் 1,200 சதுர மீட்டருக்கு மேல். பலகையின் கீழ் ஓரத்தில் எறும்பு வரிசை போல ஏதோ இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் எறும்பு, வேலி மேல் சாய்ந்து பார்த்தாலும் எறும்பு.

எச்சவியல்

முடிந்த வினை முற்று, முடியாத வினை எச்சம். இரண்டு ஆடி போயின. கட்டடம் வரவில்லை, செல்போன் எண் 'உபயோகத்தில் இல்லை' என்றது. போன ஐப்பசி மழையில் பலகை ஒரு பக்கமாகச் சரிந்து, பிளக்ஸ் கிழிந்து தொங்கியது. இரும்புச் சட்டம் ஓர் இரவில் மறைந்தது; யார் எடுத்தார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பிளக்ஸைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள். வெள்ளைக்காரப் பெண் பால்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். நீரூற்று இருந்த துண்டைக் கேட்டு வாங்கி, டீக்கடைக்காரர் தன் கீற்றுக்கு அடியில் இழுத்துக் கட்டிக்கொண்டார், படம் கீழ்ப்பக்கம் தெரியும்படி.

போன வாரம் மழைக்கு ஒதுங்கி அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு ஒரு முழம் மேலே புல்வெளி. அதன் ஓரத்தில் அந்த எறும்பு வரிசை. இரண்டு வருஷத்தில் முதன்முறையாகப் படிக்கிற தூரத்தில் இருந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து படித்தேன்.

'பதிவு எண்: விண்ணப்பிக்கப்பட்டுள்ளது.'

செயப்பாட்டுவினை. விண்ணப்பித்தவர் யாரென்று இல்லை. கடைக்காரருக்கும் படித்துக் காட்டினேன். "யாரு விண்ணப்பிச்சாங்களாம்?" என்றார். தோன்றா எழுவாய் என்றேன்.

"அதான் எழலையே சார்" என்று கிளாஸைக் கழுவப் போனார்.