கடைக்காலுக்குக் கீழே யார் வீடு?

கேள்வி: வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது பழைய தாழி வந்தால் என்ன செய்வது? வேலை நின்றுவிடுமா?
– வாசகர், குன்னத்தூர்

பதில்: முதலில் மண்வெட்டி நிற்கட்டும். உங்களுக்கு முன்பே அங்கே குடியிருந்தவர் தட்டுப்பட்டிருக்கிறார். விசாரிக்காமல் இடிப்பது மரியாதை இல்லை!

உங்கள் பகுதியில் இது வெறும் கற்பனையும் அல்ல. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் வடகரையில் இருக்கிறது கொடுமணல். 1985இல் தொடங்கி தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலை, கல்மணிப் பட்டறை, தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள்! இன்று பனியன் ஏற்றுமதி செய்யும் நொய்யல் கரை, அன்று மணி செய்து விற்றது.

தாழியை மட்டும் தூக்கி வைத்துவிட்டால் போதாதா என்பீர்கள். போதாது. எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில், எந்தக் கரித்துண்டோடு கிடந்தது என்பதில்தான் காலக்கணக்கே இருக்கிறது. ஜேசிபி ஒரு வாரு வாரினால் அது அவ்வளவும் போச்சு.

பிரிட்டனில் 1990 முதல், கட்டட அனுமதிக்கு முன்பே தொல்லியல் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது, செலவு கட்டுபவருடையது. இங்கே 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது: மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். கிரகப்பிரவேசம் அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப் போகலாம், போகட்டுமே.